அவுட்டாகும் உரிமை

பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் ‘ஓடு’ என்று சொன்னால் அவளுக்கு வயிறு வலிக்கிறது. அவளையே யாரேனும் துரத்தினால் அந்த வலி எங்கே போய்விடுகிறது?

இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்கு ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில், எங்கள் தையல் டீச்சர்தான் அதை ஒரு பிற்பகலில் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் அவர் ஓடிவந்து என் மேல் மோதினார்.

அப்போது நான் பி.ஏ. முடித்து, ஆசிரியர் பயிற்சியும் பெற்று, அந்தப் பள்ளியில் சேர்ந்திருந்த புதிது. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சரித்திரம் கற்பிக்க வந்த எனக்கு, ஆசிரியைகளில் இளையவள் என்ற ஒரே தகுதியின் பேரில், ஏழு எட்டாம் வகுப்புகளின் தேகப்பயிற்சியையும் கொடுத்தார்கள். உடல்வலிமை உள்ள பெண்கள் இல்லாமல் வலிமையுள்ள நாடு அமையாது என்று நான் மனமார நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆகவே மாணவிகளை வரிசையாக நிறுத்தி, கைகளை மேலே, பக்கவாட்டில், முன்னே, கீழே என்று நீட்டச் சொன்னேன். அவர்கள் நீட்டினார்கள். ஆனால் வரிசை வாரந்தோறும் சுருங்கியது. ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குக் காலில் முள். கொஞ்ச நாளில், முற்றத்தில் நிற்பவர்களைவிடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அன்று தலைமையாசிரியை கூப்பிட்டார் என்று நான் அலுவலக அறைக்குப் போய்த் திரும்பியபோது, தாழ்வாரம் காலியாக இருந்தது. நோயாளிகள் அனைவரும் முற்றத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். நடுவே ஒரு குள்ளமான, கனத்த உருவம், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி என்னை நோக்கி ஓடிவந்தது. மோதிய பிறகுதான் அது தையல் டீச்சர் என்று தெரிந்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும்.

“நவுருங்க டீச்சரம்மா! கல்லு மேல நீங்க நின்னுக்கினா நான் எங்க நிக்கறது?”

நான் நகர்ந்தேன். அதற்குள் ஒரு சிறுமி அவர் முதுகைத் தொட்டுவிட்டாள். “அவுட்டு!” என்று முற்றமே கத்தியது. தையல் டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. என் பி.ஏ. பட்டத்தால் ஒரு மனுஷிக்கு இழைக்கப்பட்ட அநீதி முழுவதும் அதில் இருந்தது.

அந்த ஆட்டம் கல்லா மண்ணா. பிடிக்க வருபவளிடம் ‘கல்லா, மண்ணா?’ என்று கேட்பார்கள். அவள் ‘மண்’ என்றால் மண்தரை முழுவதும் அவள் சொத்து. அதில் கால் வைப்பவளை அவள் தொட்டால் அவுட்டு. கல்லின்மேல் நிற்பவளை எதுவும் செய்யமுடியாது. கல்லிலேயே நின்றுகொண்டிருந்தால் ஆட்டம் ஏது? ஆகவே ஒவ்வொருத்தியாக இறங்கி, ‘ஒன் மண்ணுல நான் நிக்கிறேன்’ என்று சீண்டிவிட்டு ஓடவேண்டும். எங்கள் முற்றத்தில் கட்டடம் கட்டியபோது மிஞ்சிய கருங்கற்கள் ஆங்காங்கே கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்தவேண்டும் என்று நான் இருமுறை எழுதிக் கொடுத்திருந்தேன். நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

தையல் டீச்சருக்குத் தேகப்பயிற்சி நேரத்தில் வகுப்பு கிடையாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து மாணவிகளின் தையலைத் திருத்துவது அவர் வழக்கம். ஆட்டச் சத்தம் கேட்டால் அவர் கையில் ஊசி தங்காது. கையிலிருப்பதை வைத்துவிட்டு இறங்கிவிடுவார். ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய உலோக அங்குஸ்தானைக் கழற்ற ஒருநாளும் நினைவிருக்காது. ஆகவே அவர் கையால் அவுட்டானவளுக்கு அது தெளிவாகத் தெரியும்; நெற்றியில் ‘டக்’ என்று ஒரு குட்டு விழும். மூக்குநுனியில் சரக்கு ரயிலின் கரித்தூளும் நெற்றியில் அந்தச் சின்ன வட்டத் தடமுமாக மாணவிகள் என் சரித்திர வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

அவர் மிக மோசமாக ஆடினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது ஒரு உண்மை. திரும்பும்போது அவர் உடல் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். பத்துப் பேர் ஓடினால் முதலில் பிடிபடுவது அவர்தான். அதில் ஒரு நன்மை இருந்தது. வகுப்பில் ஓடத் தெரியாத பெண்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. கடைசியில் வந்து கேலிக்கு ஆளாவதைவிட வயிற்றுவலி மேல் என்று இருந்தவர்கள். கடைசி இடத்தை டீச்சர் நிரந்தரமாக எடுத்துக்கொண்டதால், அவர்கள் துணிந்து இறங்கினார்கள்.

ஆரம்பத்தில் பெண்கள் அவர்மேல் இரக்கப்பட்டார்கள். வயதானவர், பெரியவர், மூச்சு வாங்குகிறது. ஆகவே அவரை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொண்டார்கள். இந்தப் பதவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தம்பி தங்கை யாராவது இடுப்பிலிருந்து இறங்கி ஆட்டத்துக்கு வருவேன் என்று அழுதால், பிள்ளைகள் அதை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். அது ஓடலாம், கத்தலாம், விழுந்து எழலாம். தொட்டாலும் அவுட்டு இல்லை. அது யாரைத் தொட்டாலும் கணக்கில்லை. குழந்தைக்கு அது தெரியாது. சந்தோஷமாகக் கைகொட்டிக்கொண்டிருக்கும்.

தையல் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி அவர் முதுகைத் தொட்டாள்; யாரும் கத்தவில்லை. அவர் ஓட்டத்தை நிறுத்தினார்.

“இன்னாடி, தொட்டியா இல்லியா?”

“தொட்டேன் டீச்சர்.”

“அப்ப அவுட்டுன்னு ஏண்டி சொல்லல?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு துணிச்சல்காரி சொன்னாள்: “நீங்க ஒப்புக்குச் சப்பாணி டீச்சர்.”

தையல் டீச்சர் முற்றத்து ஓரத்தில் கிடந்த துணிப்பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அது அவர் தைத்துக் கொடுத்த பந்து. படியேறித் தாழ்வாரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெண்கள் கூட்டமாகப் போய், “டீச்சர், இனிமே உங்கள நெசமாவே அவுட்டாக்கறோம்” என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தார். வந்தவுடனே அவுட்டானார். “இல்லவே இல்ல, கை படல!” என்று உரத்த குரலில் சண்டை பிடித்தார். முகம் மலர்ந்திருந்தது.

சலுகை என்பது அவருக்குச் செரிக்காது. ஆட்டத்தில் மட்டுமல்ல. மாலையில் இருவரும் சேர்ந்து நடந்து போகும்போது வழியில் மீன் வாங்குவார். ஒருமுறை, பழகிய மீன்காரி ஒருத்தி, “டீச்சருக்கு இன்னா பேரம், எடுத்துக்கினு போங்க” என்று இவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டாள். தையல் டீச்சர் மீனைக் கூடையிலேயே போட்டார்.

“இன்னா, எனக்கு வாய் இல்லன்னு நெனச்சிக்கினியா? மொதல்ல வெலைய ஏத்திச் சொல்லு.”

மீன்காரி சிரித்துக்கொண்டே ஏற்றினாள். இவர் இறக்கினார். அவள் இவர் மூக்குக்கண்ணாடியைப் பழித்தாள். இவர் அவள் மீனின் கண்ணைப் பழித்தார். கடைசியில் முதலில் கிடைத்த விலைக்கே வாங்கிக்கொண்டு, மிகுந்த திருப்தியுடன் நடந்தார்.

என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவர் ஆட்டத்தில் ஏமாற்றுவார். கல்லில் பாதிக் காலும் மண்ணில் பாதிக் காலுமாக நிற்பார். அவுட்டான பிறகு, மூக்குக்கண்ணாடி கழன்றுவிட்டது, அதனால் அது செல்லாது என்பார். ஒரு ஆசிரியை இப்படிச் செய்தால் வளரும் பெண்களின் மனத்தில் என்ன பதியும்? இதைப் பல நாட்கள் யோசித்த பிறகு நேரிலேயே கேட்டேன்.

“டீச்சர், நீங்களே ஏமாத்தலாமா? பிள்ளைங்க உங்களப் பார்த்துக் கத்துக்கமாட்டாங்களா?”

“கண்டுபுடிக்கறாளுங்களா இல்லியா?”

“கண்டுபிடிக்கறாங்க.”

“அப்பால இன்னா? கண்ணு என் கால் மேலயே கீது பாரு. நான் ஒயுங்கா நின்னா எவ பாப்பா?”

இந்தப் பதிலை நான் இன்றுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த இரு வகுப்புகளில் சட்டம் பேசத் தெரியாத பெண் ஒருத்திகூட இல்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்யவேண்டும். தன்னைக் கையும் களவுமாகப் பிடித்த ஒரு பெண் தைத்த பொத்தான் காஜாவை அவர் மறுநாள் வகுப்பில் பிரித்துப் போட்டபோதும் நான் தலையிட்டேன். ஆட்டத்துப் பகையைத் தையலில் காட்டக்கூடாது என்றேன். அவர் அந்தத் துணியை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். “ஆட்டம் வேற, காஜா வேற. இதுல பொத்தான் நொயையுமா, நீயே சொல்லு.” நுழையாதுதான்.

எங்கள் பெண்களில் மிக உயரமானவள் கன்னியம்மா. எட்டாம் வகுப்பு. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்பவள். கன்னியம்மா ஓடினால் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியாது. அவளைத் துரத்தும்போது மட்டும் தையல் டீச்சர், “இவ ஆம்பளையாப் பொறந்திருந்தா ரயிலோட போட்டி போட்டு ஓட வுட்டிருப்பாங்க” என்று மூச்சுக்கிடையே புகழ்வார். அந்த ஆண்டு கன்னியம்மா பெரியவளானாள். தெருவில் ஓடுவது நின்றது. கடற்கரைக்குத் தனியே போவது நின்றது. அவள் ஓடுவதற்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது எங்கள் முற்றமும் அந்த ஒரு மணி நேரமும்தான். அதுவும் போகும்போல் இருந்தது. முற்றத்துக் குட்டைச் சுவருக்கு அப்பால் சாலை; துறைமுகத்துக் கூலிக்காரர்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கன்னியம்மாவின் அம்மா ஒருநாள் கூடையோடு பள்ளிக்கே வந்துவிட்டாள்.

“வயசுக்கு வந்த பொண்ணு டீச்சரம்மா. இப்படித் தலைதெறிக்க ஓடினா நாளைக்கு எவன் கட்டிக்கினு போவான்? எனக்குப் பேஜாராப் போச்சி.”

வேறு சில வீடுகளிலிருந்தும் இதே முறையீடு தாளாளரிடம் போயிருந்தது. எங்கள் தாளாளர் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து அரிசி மொத்த வியாபாரம் செய்தவர். நிதானமானவர், எதையும் கண்ணால் பார்த்த பிறகே முடிவு செய்வார். வெள்ளிக்கிழமை தாமே வந்து பார்ப்பதாகவும், வேண்டிய தாய்மார்களும் வரலாம் என்றும், பயிற்சி தேவையில்லை என்று பட்டால் அந்த நேரத்தைத் தையலுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியனுப்பினார்.

தையலுக்கு நேரம் கூடுவதில் தையல் டீச்சர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“என் ஆட்டத்த நிறுத்திட்டு எங்கையிலயே ஊசியக் குடுக்கறாரா? இது இன்னா நியாயம் டீச்சரம்மா?”

நான் பெண்களைப் பொறுக்கி, ஒழுங்கான ஒரு கைப்பயிற்சியைத் தயார் செய்தேன். பிறகு மிகுந்த தயக்கத்தோடு தையல் டீச்சரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் அவர் முற்றத்தில் இறங்கக்கூடாது. செருகிய புடவையும் சண்டையும் தாளாளருக்கு வேறு விதமாகப் படும். அதன் விளைவைக் கன்னியம்மாதான் சுமக்கவேண்டியிருக்கும்.

“மண்ணுல கால் வெக்க மாட்டேன். போதுமா?” என்றார். அவ்வளவு சோகமான வாக்குறுதியை நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை தாளாளர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாய்மார்கள் சுவரோரமாக நின்றார்கள். கன்னியம்மாவை அவள் அம்மா தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். தையல் டீச்சர் தூணோரம் உட்கார்ந்து ஒரு பாவாடை விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். என் மாணவிகள் கைகளை மேலே தூக்கினார்கள், இறக்கினார்கள். ஒரு தவறும் நேரவில்லை. தாளாளர் ஒருமுறை கொட்டாவி விட்டார்.

முடிந்ததும் என்னிடம் சொன்னார்: “பிள்ளைய நல்லாத்தான் கைய ஆட்டுதுவ. ஆனா டீச்சர், இதுக்கு ஒரு மணி நேரம் என்னத்துக்கு? தையல் படிச்சா நாளைக்கு ஒதவும்லா? காப்பியக் குடிச்சிட்டு அவங்ககிட்டயும் சொல்லிப்புடுதேன்.”

காப்பி வந்துகொண்டிருந்தது. வரிசை கலைந்த பெண்கள், எவரும் சொல்லாமலே, கல்லா மண்ணா தொடங்கிவிட்டார்கள். பிடிப்பவள் மண் கேட்டிருந்தாள். ஒரு சின்னப் பெண் கல்லின் விளிம்பில் தள்ளாடி நின்றாள், பிடிப்பவள் அவளைத் தொட்டுவிட்டாள்.

“அவுட்டு!” என்று தூணோரமிருந்து ஒரு குரல் வந்தது. “கட்ட வெரலு மண்ணுல கீது!”

கால்தானே வைக்கக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாயைப் பற்றி நான் கேட்கவில்லை.

சுவரோரமிருந்து கன்னியம்மாவின் அம்மா திரும்பினாள். “இன்னா டீச்சரே, வெரலு பட்டா அவுட்டா? குதிகாலு கல்லு மேல கீதே, அது கணக்கில்லியா?”

“ஆட்டம் தெரியாம பேசாத.”

“யாருக்குத் தெரியாது? நீ ஊசி கோக்கறதுக்கு மின்னாலயே நாங்க காசிமேட்டு மணல்ல ஆடினவங்க!”

“ஆடினவ எறங்கி ஆடிக் காட்டேன்.”

“பொண்ணு பெத்தவ ஆடுவாளா?”

அவுட்டா இல்லையா என்று தெரியாமல் கல்லில் நின்றுகொண்டிருந்த அந்தச் சின்னப் பெண், சமாதானம் செய்யும் நல்லெண்ணத்தோடு, “அந்தம்மாவ ஒப்புக்குச் சப்பாணியா வெச்சிக்கலாம் டீச்சர். பாவம், வயசாயிடிச்சில்ல” என்றாள்.

தையல் டீச்சர் பாவாடையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சூழ்ச்சி எதுவும் இல்லை. தானும் அனுபவித்த ஓர் அவமானம் இன்னொருத்திக்கு நேர்வதைப் பார்க்கும் வருத்தம்தான் இருந்தது. “சொல்லிட்டா பாரு,” என்றார் மெதுவாக.

கன்னியம்மாவின் அம்மா கூடையை இறக்கிவைத்தாள். கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

“யாரடி சப்பாணி? புடிங்கடி பாக்கலாம்!”

நாள் முழுதும் தலையில் சுமையோடு நடக்கிறவள் சுமையில்லாமல் ஓடினால் எப்படியிருக்கும் என்பதை அன்று பார்த்தேன். பிடிப்பவள் திணறிப்போனாள். அம்மா ஒரு கல்லிலிருந்து குதித்து, நடு முற்றத்தில் நின்று, “ஒன் மண்ணுல நிக்கிறேன்டி!” என்று கை தட்டினாள். இரண்டு சுற்றுக்குப் பிறகு பிடிப்பவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “கன்னிம்மாக்கா, நீ வா, என்னால ஆவல” என்றாள்.

சுவரோரம் நின்ற கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. அவள் ஓடினாள். அம்மா கல்லை நோக்கி ஓடினாள். ஒரு முழம் இருக்கும்போது மகளின் கை பட்டது.

“அவுட்டும்மா!”

“படலடி! முந்தானைலதான் பட்டுச்சி!”

“முந்தானையும் நீதாம்மா!”

“டீச்சரே, நீயே சொல்லு, முந்தானை கணக்கா?”

“கணக்குதான்!” என்று தையல் டீச்சர் ஆனந்தமாகத் தீர்ப்பளித்தார். சொல்லிக்கொண்டே இறங்கி மண்ணில் நின்றிருந்தார். அதை அவர் அறியவில்லை. இப்போது பிடிக்கவேண்டியவள் அம்மா. அவள் மண் கேட்டாள். பெண்கள் சிதறினார்கள், தையல் டீச்சர் அலறிக்கொண்டு ஓடினார், மற்றத் தாய்மார்களில் இருவர் யார் கல்லில், யார் மண்ணில் என்று கைநீட்டிக் காட்டத் தொடங்கினார்கள்.

தாளாளர் எழுந்துவிட்டார். காப்பி டம்ளர் கையில் இருந்தது. சரியாகத் தெரியாததால் ஒரு படி இறங்கினார், பிறகு இன்னொன்று, பிறகு தரை.

அம்மா அவருக்கு நேரே வந்து நின்றாள். தொடவில்லை. விரலை மட்டும் நீட்டினாள்.

“ஐயா காலு மண்ணுல கீது.”

எங்கள் பள்ளியின் எதிர்காலம், கன்னியம்மாவின் ஓட்டம், என் வேலை, எல்லாமே அந்த விரல் நுனியில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. தாளாளர் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார்.

“நான் எப்பம் ஆட்டத்துல சேந்தேன்?” என்று கேட்டார்.

“அப்ப ஐயா ஒப்புக்குச் சப்பாணி,” என்றாள் அந்தச் சின்னப் பெண்.

தையல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் வலது காலை மெதுவாகத் தூக்கிக் கற்படியின்மேல் வைத்தார். இடது காலையும் வைத்தார். காப்பி சிந்தவில்லை.

“இப்பம் நான் கல்லுல நிக்கேன்,” என்றார் கண்டிப்பான குரலில். “தொடுங்க பாப்போம்.”

அன்று அவர் தாய்மார்களிடம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஏழு எட்டாம் வகுப்புகளின் நேரம் தையலுக்குப் போகவில்லை. சாலைப்பக்கச் சுவருக்குமேல் தென்னங்கீற்றுத் தட்டி கட்டப்பட்டது. முறையிட்ட வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு பெண்களை மட்டும் அவர்கள் வீட்டார் அப்படியும் அனுப்பவில்லை. கைப்பயிற்சியை நான் காலையில் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொண்டு, அந்த ஒரு மணியில் என்ன ஆடுவது என்பதைப் பெண்களே முடிவு செய்யும்படி விட்டேன். கன்னியம்மா எட்டாம் வகுப்பு முடியும் வரை ஓடினாள்.